பெரிதாக்கிக் காட்டும் படங்களும் மூலத்தின் உண்மையும்

(சாத்தாங்காட்டில் வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



கணிப்பொறிப் படங்களைச் சிலைடுகளில் பெரிதாக்கிக் காட்டும்போது அவை மூலத்தினின்றும் பிறழாதவாறு காட்டுவது எங்ஙனம் என்பதே நமக்கு ஒதுக்கப்பெற்ற பொருளாகும். வெள்ளி விழா மேடையில் பேசுதற்கு இது மிகச் சிறிய பொருள் என்று எண்ணுவோர் இருக்கலாம். கல்வி உதவித்தொகை, இட ஒதுக்கீடு, வேலை வாய்ப்பு என்று எத்தனையோ பேசக் கிடக்க, படம் காட்டுவதும் ஒரு பேச்சா என்ற வினா எழுவது இயல்பே. ஆயினும் இன்று நம்முடைய வழக்குகளில் பலவும் படத்தைக் கொண்டே நடைபெறுகின்றன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வரைபடம் காட்டப்படுகிறது. நிலவுரிமை பற்றிய முறையீட்டில் பழைய பதிவேட்டின் பிரதி காட்டப்படுகிறது. நம் குழந்தைகளுக்கு முன்னோடிகளின் வரலாற்றைச் சொல்லும்போது புகைப்படம் காட்டப்படுகிறது. கரும்பலகையும் சாக்குக் கட்டியும் இருந்த இடத்தில் இன்று மடிக்கணினியும் புரொஜெக்டரும் வந்து நிற்கின்றன.

பிறர்க்குத் தம் வரலாற்றைச் சொல்லக் கோயிற் கல்வெட்டு உண்டு, செப்பேடு உண்டு, பரம்பரை மாளிகை உண்டு, மாளிகைச் சுவரில் எண்ணெய் ஓவியம் உண்டு. நமக்கு உள்ளவை சில மங்கிய புகைப்படங்கள், சில இதழ்களின் உதிரும் தாள்கள், அரசு அலுவலகங்களின் பதிவேடுகளில் ஓரத்தில் எழுதப்பட்ட சில சொற்கள். இவ்வளவே. சான்று குறைவாக உள்ளவன் அதனைக் கையாள்வதில் மிகுந்த கவனம் கொண்டாக வேண்டும். பத்துச் சான்றில் ஒன்று பிழையானால் மீதி ஒன்பது நிற்கும். ஒரே சான்று உள்ள இடத்தில் அது பிழையாகக் காட்டப்பட்டால் வழக்கே வீழும். மறுக்கக் காத்திருப்பவர்க்கு அந்த ஒரு பிழை போதும்.

முதலில் படம் என்பது யாது எனப் பார்ப்போம். 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனத்தில் பணிபுரிந்த ரசல் கிர்ஷ் என்பார் தம் கைக்குழந்தையின் புகைப்படம் ஒன்றைக் கணிப்பொறிக்குள் செலுத்தினார். கணிப்பொறிக்குள் சென்ற முதற் புகைப்படம் அதுவே என்பர். அகலத்தில் 176, உயரத்தில் 176 எனக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்தின் ஒளியையும் அவர் எண்ணாக்கினார். மொத்தம் 30,976 கட்டங்கள். அந்தக் கட்டத்தையே இன்று பிக்சல் என்கிறோம்; படப்புள்ளி என்றும் சொல்லலாம். நம் கைப்பேசிகள் எடுக்கும் படத்தில் கோடிக்கணக்கில் புள்ளிகள் உண்டு. எண்ணிக்கை மாறியதேயன்றி அடிப்படை மாறவில்லை. படம் எடுத்த அக்கணத்தில் எத்தனை புள்ளிகள் பதிவாயினவோ அத்தனையே அதன் செய்தி.

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதனைப் புரிந்துகொள்வது அரிதன்று. தடித்த தகட்டை உருளைகளுக்கிடையே செலுத்தி நீட்டினால் பரப்பு விரியும், கனம் குறையும். ஆனால் வே பிரிட்ஜில் ஏற்றினால் எடை அப்படியேதான் இருக்கும். படத்தைப் பெரிதாக்குவதும் இவ்வாறே. சுவர் நிறையப் படம் விரியலாம். அதிலுள்ள செய்தியின் எடை ஒரு குன்றிமணியும் கூடுவதில்லை.

இங்கே பெரியவர்கள் ஒரு வினா எழுப்பக்கூடும். நாம் இளமையில் சினிமாக் கொட்டகையில் கண்ணாடிச் சிலைடு பார்க்கவில்லையா, அதுவும் பெரிதாக்கியதுதானே என்பர். ஆம். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. அங்கே பெரிதாக்கியது லென்ஸ். லென்ஸ் எதனையும் எண்ணிப் பார்ப்பதில்லை. உள்ளதை விரித்துக் காட்டும், கூர்மை போதாவிடில் மங்கலாகக் காட்டும், அவ்வளவே. கணிப்பொறியோ கணக்குப் போட்டுப் பெரிதாக்குகிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே புதிய புள்ளிகளை வைக்க வேண்டியபோது, அவ்விடத்தில் என்ன இருந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு செய்து தானே நிரப்புகிறது. இப்பக்கம் கறுப்பு, அப்பக்கம் வெள்ளை எனின் நடுவே சாம்பல் என்று வைத்துக்கொள்கிறது. அங்கே உண்மையில் இருந்தது யாதென அதற்குத் தெரியாது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 1930ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டனில் தொடங்கிய வட்டமேசை மாநாட்டில் தாழ்த்தப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக டாக்டர் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் கலந்துகொண்டனர். பலர் அமர்ந்திருக்கும் அத்தகைய மாநாட்டுப் படம் ஒன்றின் சிறு பிரதியை இணையத்திலிருந்து எடுத்து, அதில் ஒருவர் முகத்தை மட்டும் வெட்டித் திரையில் காட்ட விரும்புகிறோம் என்க. அம்முகம் 60 புள்ளி அகலமே உள்ளது. திரையில் அதனை 900 புள்ளி அகலத்துக்கு விரிக்கிறோம். பதினைந்து மடங்கு. அகலத்திலும் உயரத்திலும் பதினைந்து என்பதால், மூலத்தின் ஒரு புள்ளி திரையில் 225 புள்ளிகளாகிறது. அவற்றில் ஒன்றே புகைப்படம் தந்தது; மீதி 224ம் இயந்திரம் இட்டு நிரப்பியது. இதைக் காட்டி, ‘பாருங்கள், அவர் கண்ணில் தெரியும் உறுதியை’ என்று நாம் முழங்கினால், அந்த உறுதியைத் தந்தது சீனிவாசன் அவர்களா, கணிப்பொறியா?

இத்துடன் நின்றால் கேடு சிறிது. மங்கலாகத் தெரிவது தான் மங்கல் என்பதை ஒப்புக்கொள்கிறது. அண்மைக் காலத்தில் வந்துள்ள செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மங்கலாகக் காட்டுவதில்லை, தெளிவாகவே காட்டுகின்றன. அங்கேதான் ஆபத்து. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் ஒரு மென்பொருளை வெளியிட்டனர். பதினாறுக்குப் பதினாறு, ஆக 256 புள்ளிகளே உள்ள முகத்தை 1,024க்கு 1,024 என, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளாக விரித்து, மயிர்க்கால் தெரியும் தெளிவோடு தரவல்லது அது. தாம் தருவது பொருத்தமான கற்பனை முகமேயன்றி அந்த ஆளின் முகம் அன்று என்றே ஆய்வாளர்கள் கூறினர். ஆனால் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் எவரோ அமெரிக்காவின் முன்னாள் அதிபர் பராக் ஒபாமாவின் சிறு படத்தை அதனுள் இட்டபோது, வெளிவந்தது ஒரு வெள்ளையரின் முகம்! உலகெங்கும் அது பேசப்பட்டது. அக்கருவி எந்த முகங்களைப் பார்த்துப் பழகியதோ அந்த முகங்களையே அது எங்கும் கண்டது.

இதனைக் கேட்டு நாம் சிரிக்கலாம். ஆனால் நம் தாத்தா பாட்டியரின் படத்தைக் கைப்பேசிச் செயலி ஒன்றில் இட்டுத் ‘தெளிவாக்கி’ வாட்ஸாப்பில் அனுப்பும்போது நேர்வதும் இதுவே அன்றோ? மேனி வெளுக்கிறது, மூக்கு கூர்மையாகிறது, நெற்றியின் வெயிற்கோடுகள் மறைகின்றன. துறைமுகத்தில் மூட்டை சுமந்த முதியவர் சினிமா நடிகரைப் போல ஆகிவிடுகிறார். நிறத்துக்காகவே நூற்றாண்டுகளாக இழிவு பேசப்பட்ட மக்கள், தம் முன்னோரின் நிறத்தைத் தாமே அழிப்பது எவ்வளவு வேதனைக்குரியது! அத்தகைய படங்களைக் கழகத்தின் சிலைடுகளில் இடுவதில்லை என்று முடிவு செய்துள்ளோம். வண்ணம் ஏற்றிய கறுப்பு வெள்ளைப் படமாயின், வண்ணம் பிற்காலத்தில் ஏற்றப்பட்டது என்று அதன் கீழேயே எழுத வேண்டும். அண்ணலின் மேலாடை சிலைகளில் நீலம் என்பதால் ஒவ்வொரு புகைப்படத்திலும் அது நீலமாயிருந்தது என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது.

முகத்தைப் போலவே எழுத்தும் எண்ணும் மாறக்கூடும். 2013ஆம் ஆண்டு ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்ற கணிப்பொறி அறிஞர் ஒரு விந்தையைக் கண்டறிந்தார். ஒரு கட்டடத்தின் வரைபடத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று இருந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் கருவியொன்றில் அதனை வருடி எடுத்தபோது மூன்று அறைகளுக்கும் 14.13 என்றே வந்தது. எண்கள் மங்கவில்லை, சிதையவில்லை. அச்சடித்தாற்போல் தெளிவாக இருந்தன. பிழையாக இருந்தன. கோப்பின் அளவைச் சுருக்குவதற்காக, ஒன்றுபோல் தோன்றும் சிறு துண்டுகளுக்கு ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப இடும் முறை அக்கருவியில் இருந்தது. வேறு தாள்களில் 6 என்பது 8 ஆயிற்று. நிறுவனம் பின்னர்த் திருத்தம் வெளியிட்டது. ஆயினும் அதுவரை எத்தனை அலுவலகங்களில் எத்தனை தாள்கள் அவ்வாறு வருடப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நமக்கு இது பிற நாட்டுச் செய்தியாகத் தோன்றலாம். நிலம் பற்றிய பேச்சு வரும்போது அது நம் வீட்டுச் செய்தியாகிவிடும். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலைபற்றி எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892இல் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. அதுவே பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்றும், கண்டிஷன் பட்டா என்றும் இன்றும் பேசுகிறோம். நாம் கூடியுள்ள இப்பகுதியும் 1997 வரை பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததே. அந்நிலங்களை மீட்கக் கோரிய போராட்டத்தில் 1994 அக்டோபரில் மாமல்லபுரம் அருகே காரணையில் உயிர்கள் பலியாயின. அத்தகைய நிலம் யாருக்கு உரியது என்பதற்குச் சான்று, பெரும்பாலும் பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் பொடி எழுத்தில் கிடக்கும் ஓரிரு எழுத்துகளும் ஒரு புல எண்ணும்தான். 36 என்பது 38 ஆனால் நிலமே வேறாகிவிடும். அத்தகைய பக்கத்தைச் சிலைடில் காட்டும்போது இரண்டு படம் காட்டுக: ஒன்றில் முழுப் பக்கம், மற்றொன்றில் வேண்டிய பகுதி மட்டும், மூலத்திலிருந்து நேரே வருடி எடுத்ததாக. முழுப் பக்கம் இல்லாமல் துண்டை மட்டும் காட்டுவது ஐயத்துக்கு இடந்தரும். எழுத்து படிக்க முடியாததாக இருந்தால் ‘படிக்க இயலவில்லை’ என்றே எழுதுக. எந்தக் கருவியைக் கொண்டும் அதனைக் கூர்மைப்படுத்திப் படிக்க முயன்று, அந்தப் படிப்பைச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. சிலைடில் வைத்த படத்தை நாம் வெட்டிச் சிறிதாக்கும்போது, வெட்டிய பகுதி மறைகிறதே தவிரக் கோப்பிலிருந்து நீங்குவதில்லை. எவரும் அதனை மீண்டும் விரித்துப் பார்க்கலாம். சாதிச் சான்றிதழையோ பட்டாவையோ காட்டும்போது, ஆதார் எண்ணை வெட்டிவிட்டோம் என்று நம்பிக் கோப்பை நாலு பேருக்கு அனுப்பினால் அந்த எண்ணும் உடன் போகும். வெட்டிய பகுதிகளை நீக்கும் கட்டளை தனியே உண்டு. அதனையும் கொடுக்க வேண்டும்.

இனித் தமிழ் எழுத்துக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். பண்டிதர் அயோத்திதாசர் 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’, ஓராண்டுக்குப்பின் ‘தமிழன்’ எனப் பெயர் கொண்டு நடைபெற்றது. 1978இல் அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட வடிவங்கள் அக்கால அச்சில் உள்ளன, தாளும் பழுத்துவிட்டது. இத்தகைய பக்கம் ஒன்றைச் சிறிதாக்கி, அழுத்திச் சேமித்து, மீண்டும் பெரிதாக்கினால் முதலில் பலியாவது மெய்யெழுத்தின் புள்ளி. எழுத்து பன்னிரண்டு படப்புள்ளி உயரம் இருக்கையில் மெய்ப்புள்ளிக்குக் கிடைப்பது ஒன்றோ இரண்டோ. ஜேபெக் முறையில் அழுத்தும்போது அது காகிதத்தின் அழுக்கோடு அழுக்காகக் கரைந்துபோகும். ஆங்கில எழுத்தில் ஒரு புள்ளி போனால் பெரும்பாலும் பொருள் போவதில்லை. தமிழிலோ ‘கல்வி’ என்ற சொல்லில் புள்ளி போனால் என்னவாகும் என்பதை இப்பேரவையில் விரித்துரைக்க வேண்டியதில்லை. கல்விக் கழகம் என்று பெயர் வைத்திருக்கும் நாம் இதில் சற்றுக் கூடுதல் விழிப்போடு இருப்பது நல்லது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்ற இடங்களில் பழைய நூல்களின் வருடிய பக்கங்கள் கிடைக்கின்றன. அங்கிருந்து கோப்பையே இறக்கிக்கொள்ள வேண்டும். கைப்பேசித் திரையில் தெரிவதைப் படம்பிடித்து வைத்துக்கொண்டால் நமக்குக் கிட்டுவது திரையின் நுணுக்கமேயன்றி நூலின் நுணுக்கம் அன்று.

வரைபடம் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்தில் வாழ்வோர்க்கு அது வாழ்வாதாரச் செய்தி. எண்ணூர்க் கழிமுகம் பற்றி 2017இல் எழுந்த பூசலை நம்மிற் பலர் நேரில் அறிவர். 1996இல் மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற கரையோர வரைபடத்தில் இருந்த கழிமுகப் பரப்பு, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பெறப்பட்ட வேறொரு வரைபடத்தில் காணப்படவில்லை என்று மீனவர்களும் செயற்பாட்டாளர்களும் எடுத்துக்காட்டினர். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது; தாளில் மட்டும் இல்லை! வரைபடத்தை வாசிக்கத் தெரிந்த மக்கள் இருந்ததால்தான் அது வெளிவந்தது. அத்தகைய வரைபடத்தைத் திரையில் இட்டுப் பேசும் காலம் நம் இளைஞர்களுக்கும் வரும்.

1:25,000 என்ற அளவுள்ள வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். ஆறு மீட்டர் அகலமுள்ள ஒரு வீடு அதில் கால் மில்லிமீட்டர் அளவே வரும். அரை மில்லிமீட்டர் தடிமனாக ஓர் எல்லைக்கோடு வரைந்திருந்தால், அக்கோடு மட்டுமே பன்னிரண்டரை மீட்டரை விழுங்கிவிடும். அதன் தடிமனுக்குள் இரண்டு வீடுகள் அடங்கும். இதனைச் சுவரில் பத்து மடங்கு பெரிதாக்கினால் கோடு ஐந்து மில்லிமீட்டர் தடிமனாகும். அப்போதும் அது பன்னிரண்டரை மீட்டரைத்தான் விழுங்கி நிற்கும். ‘நம் தெரு கோட்டுக்கு உட்புறமா வெளிப்புறமா’ என்று அந்தப் படத்தைக் காட்டி அதிகாரியும் வாதிட முடியாது, நாமும் வாதிட முடியாது. சுவர் நிறையத் தெரிவதால் அது நுட்பமாகத் தெரிகிறது என்ற மயக்கமே எஞ்சும். 2019ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரளவில் 1:4,000 அளவுள்ள வரைபடத்துக்கும் இடம் தருகிறது. அதில் அதே வீடு ஒன்றரை மில்லிமீட்டர். வீடு பற்றிய வழக்காயின் அந்த வரைபடத்தையே கேட்டுப் பெற வேண்டும். சிறியதைப் பெரிதாக்கிக் காட்டி யாரேனும் நம்மை அமைதிப்படுத்த முயன்றால், ‘இதன் மூல அளவு என்ன?’ என்று எழுந்து கேட்கும் துணிவு நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

இதிலேயே மற்றொன்று. வரைபடத்தின் மூலையில் ‘1:25,000’ என்று அச்சிட்டிருக்கும். முப்பது சென்டிமீட்டர்த் தாள் மூன்று மீட்டர்ச் சுவரில் விரிந்தபின் அந்த எழுத்து பொய்யாகிவிடும். சுவரில் உள்ளது இப்போது 1:2,500. சுவரில் பத்து சென்டிமீட்டர் அளந்து, அச்சிட்ட கணக்கை நம்பி இரண்டரைக் கிலோமீட்டர் என்பவர், உண்மையில் 250 மீட்டரையே சுட்டுகிறார். ஆனால் வரைபடத்தின் கீழே 500 மீட்டர், 1,000 மீட்டர் என்று குறித்த அளவுக்கோல் கோடு வரைந்திருந்தால், அது படத்தோடு சேர்ந்தே பெரிதாகும், படத்தோடு சேர்ந்தே சிறிதாகும், ஒருபோதும் பொய்க்காது. ஆகவே புலப்படம் ஆயினும் ஊர் வரைபடம் ஆயினும், அளவுக்கோல் கோட்டையும் வடதிசைக் குறியையும் வெட்டிவிடாமல் சேர்த்தே காட்டுக.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில. சிலைடில் படத்தை இழுத்துப் பெரிதாக்கும்போது மூலையைப் பிடித்தே இழுக்க வேண்டும். பக்கவாட்டுப் பிடியை இழுத்தால் அகலம் மட்டும் கூடும். பழைய புரொஜெக்டர்களின் திரை நான்குக்கு மூன்று; இன்றையவை பல பதினாறுக்கு ஒன்பது. ஒன்றுக்குச் செய்ததை மற்றொன்றில் நிரப்பிக் காட்டினால் பாபாசாகேப் பருத்துத் தோன்றுவார், வட்டமான அசோகச் சக்கரம் முட்டை வடிவாகும். இரு ஓரத்திலும் கறுப்புப் பட்டை நின்றால் நிற்கட்டும். அதனால் எவர்க்கும் இழிவு இல்லை.

படம் நம் கைக்கு வரும் வழியும் முக்கியம். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டே வரும். ஆவணமாக அனுப்பினால் உள்ளபடி வரும். பவர்பாயிண்ட் மென்பொருளும் சேமிக்கும்போது, சிலைடில் படம் எவ்வளவு பெரிதாக வைக்கப்பட்டுள்ளதோ அதற்கேற்பப் புள்ளிகளைக் குறைத்துவிடக்கூடும். ஒரு மூலையில் சிறிதாக வைத்துச் சேமித்துவிட்டு, மறுநாள் அதையே பெரிதாக்கினால் நுணுக்கம் போயிருக்கும். அமைப்புகளில் ‘கோப்பிலுள்ள படங்களைச் சுருக்க வேண்டாம்’ என்ற பொருளில் ஒரு தெரிவு உண்டு. படத்தைச் சேர்க்குமுன்னரே அதனைக் குறித்துவிட வேண்டும்.

சிலபோது படப்புள்ளிகளையே மக்களுக்குக் காட்ட வேண்டிவரும்: ‘இம்முகத்தில் இவ்வளவே செய்தி உள்ளது, இதைக்கொண்டு ஆளை அடையாளம் சொல்ல இயலாது’ என்று எடுத்துரைக்க. ஒரு கலவரத்துக்குப்பின் மங்கலான கேமராப் படத்தைக் காட்டி, ‘இவன்தான்’ என்று நம் இளைஞனைச் சுட்டும் வேளையில் இது பெரிதும் பயன்படும். சிலைடில் வைத்து அப்படியே விரித்தால் மென்பொருள் கட்டங்களை மழுப்பி, ஏதோ முகம் தெரிவதுபோன்ற தோற்றம் தரும். அதற்கு முன்னரே கிம்ப் போன்ற இலவச மென்பொருளில், இடைநிரப்பல் ‘இல்லை’ என்று தெரிவு செய்து, எட்டு மடங்கு, பத்து மடங்கு என முழு எண்ணால் பெரிதாக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் கூரிய சதுரமாக நிற்கும். அதனை ஜேபெக்காக அன்றி பி.என்.ஜி. கோப்பாகச் சேமித்துச் சிலைடில் இட்டால், உள்ளது இவ்வளவே என்பது குழந்தைக்கும் விளங்கும்.

உண்மையாகவே பெரிதாக்க வழி இல்லையா என்று கேட்கலாம். உண்டு; அது மூலத்தினிடம் திரும்பிச் செல்வதே. ஆறுக்கு நான்கு அங்குலப் புகைப்படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வருடினால் 3,600க்கு 2,400 புள்ளிகள் கிடைக்கும். அதில் கால் அங்குல முகமும் 150 புள்ளி பெறும். 1,200 வீதம் வருடினால் 300. மலர்களிலும் இதழ்களிலும் பிளாக் செய்து அச்சிட்ட படங்களுக்கு இது பயன்படாது. அவை அச்சிலேயே புள்ளிகளாக உடைந்தவை. பெரிதாக்கினால் மைப்புள்ளியே பெரிதாகும். ஆகவேதான் அச்சான பக்கத்தைவிட, எவர் வீட்டுப் பெட்டியிலோ கிடக்கும் அசல் புகைப்படம் நமக்கு அருமையானது.

கடைசியாகத் திரையும் அறையும். புரொஜெக்டர் கறுப்பு நிறத்தை வீசுவதில்லை. திரையில் கறுப்பு என்பது ஒளி விழாத சுவர்தான். கூடத்தில் குழல் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அந்தக் கறுப்பு சாம்பலாகும். அப்போது முதலில் அழிவது கரிய முகத்தின் நுண்ணிய நிழல்கள். வெளிறிய முகம் எந்த வெளிச்சத்திலும் தப்பித்துக்கொள்ளும்; நம் முகம் தப்பாது. வண்ணப் படச்சுருள் காலத்திலும் இதுவே கதை. கோடாக் நிறுவனத்தார் நிறச் சமன்பாட்டுக்கு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டையில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைப் பெண்ணின் படமே; அவள் மேனி சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது அக்கால அளவுகோல். ஆகவே படம் காட்டும்போது விளக்கை அணையுங்கள், சன்னலை மூடுங்கள். பச்சையோ மஞ்சளோ பூசிய சுவரில் காட்டாமல், ஒரு வெள்ளை வேட்டியையாவது இழுத்துக் கட்டுங்கள். புரொஜெக்டரில் ‘பளிச்’ என்று காட்டும் முறையை விலக்கி இயல்பான முறையை வையுங்கள். கருவியைத் திரைக்கு நேரே வைத்தால், சாய்வைத் திருத்துகிறேன் என்று அது படத்தை மறுபடியும் கணக்குப் போட்டு மழுப்பாது.

கழகத்தின் கணிப்பொறியில் இனி இரண்டு அடைவுகள் இருக்கும். ஒன்றில் மூலக் கோப்புகள். அவற்றை எவரும் திறந்து மாற்றிச் சேமித்தல் கூடாது. மற்றொன்றில் காட்டுவதற்கான பிரதிகள்; வெட்டுவதும் விரிப்பதும் அங்கே. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டத்தின்படி, மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் அளிக்கும்போது தரும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். படத்தில் ஒரு புள்ளியை மாற்றிச் சேமித்தாலும் அம்மதிப்பு மாறிவிடும். மூலத்தைத் தொடாமல் வைப்பதன் பயன் அன்று தெரியும்.

பழைய புகைப்படங்களும் பட்டாக்களும் பள்ளிச் சான்றுகளும் வைத்திருக்கும் குடும்பத்தினர் அவற்றைக் கழக அலுவலகத்துக்குக் கொண்டுவர வேண்டுகிறோம். சட்டத்திலிருந்து பிரிக்க அஞ்சுவோர் அப்படியே கொண்டுவரலாம். பிரிக்கும் வேலையை நாம் பார்த்துக்கொள்வோம். வருடி முடித்ததும் கையோடு திருப்பித் தரப்படும். படத்தின் முன்புறத்தோடு பின்புறத்தையும் வருடுவோம். ஸ்டுடியோவின் முத்திரையும், எவரோ பென்சிலால் எழுதிய பெயரும் ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.